விண்ணுக்கு வேலி எங்கே?

மேலே ஏழு உலகம், கீழே ஏழு உலகம் என்று எண்ணிச் சொன்னார்கள் புராணிகர்கள். அந்த வானத்திலே ஒரு நாட்டின் ஆட்சி எந்த உயரத்தில் முடிகிறது? புராணமும் சொல்லவில்லை, உலகச் சட்டமும் இன்றுவரை சொல்லவில்லை!

தன் நிலத்துக்கு மேலுள்ள காற்றுவெளி தனக்கே உரியது என்று நாடுகள் 1919-இல் பாரிசிலும் 1944-இல் சிகாகோவிலும் ஒப்பந்தம் எழுதின. எவ்வளவு உயரம்வரை? எழுதவில்லை. 1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத்தின் ஸ்புட்னிக் பல நாடுகளின் தலைக்கு மேலே சுற்றி வந்தது, தடுப்பாரில்லை. 1960 மே முதல் நாள் அமெரிக்க வேவு விமானம் யு-2 சோவியத் மண்மீது பறந்தது, சுட்டு வீழ்த்தப்பட்டது. இரண்டும் அயலான் தலைமேல் பறந்தவைதாம். ஒன்று குற்றம், மற்றொன்று குற்றமன்று. இடையிலே எங்கோ எல்லை இருந்தது; அதற்கு எண்தான் இல்லை!

விண்வெளியை எந்நாடும் தனதாக்கலாகாது என்றது 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தம். நல்ல நெறி! ஆனால், விண்வெளி தொடங்குமிடம் அதிலும் இல்லை.

நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வட்டப்பாதை உண்டு. அங்கே செல்லும் செயற்கைக்கோள் பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். செய்தித் தொடர்புக்கு அது பொன் விளையும் பூமி. 1976 டிசம்பரில் கொலம்பியா, ஈக்வடார், கென்யா, உகாண்டா, இந்தோனேசியா முதலிய நாடுகள் பொகோட்டாவில் கூடின. விண்வெளிக்கு எல்லையே வகுக்காதபோது எங்கள் தலைக்கு மேலுள்ள பாதை எங்களதல்ல என்று எப்படிச் சொல்வீர் எனக் கேட்டன. வல்லரசுகள் ஏற்கவில்லை.

அவ்வளவு உயரத்தில் ஒருவர் உரிமை கொண்டாடுவது பொருந்தாதுதான். ஆனால், அவ்வழக்கின் உள்ளே இருந்த ஏக்கம் பொய்யன்று. ஊருக்குப் பொதுக் கிணறு. கயிறும் வாளியும் ஒருவனிடமே என்றால், அது யாருடைய கிணறு? அந்தக் குறை உலக மன்றங்களில் ஓயாது ஒலித்தது. 1988-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அப்பாதையிலே, சில அலைவரிசைகளில், ஒவ்வொரு நாட்டுக்கும் ஓரிடமேனும் ஒதுக்கியது. எல்லைக் கோடு கிட்டவில்லை, பங்கு கிட்டியது!

1979-இல் சோவியத் 100 முதல் 110 கிலோமீட்டருக்குள் கோடு கிழிக்கலாம் என்றது. கோடே தேவையில்லை என்கிறது அமெரிக்கா. ஐக்கிய நாடுகள் மன்றத்தில் பேச்சு நீள்கிறது. ஏவுகணை உடையவனுக்கு எல்லையின்மை வசதி. இல்லாதவனுக்கோ சட்டம் ஒன்றே துணை. விண்ணைப் பொது என்றால் மட்டும் போதாது. பொதுவில் பங்கு எது என்பதையும் எழுத வேண்டும். எழுதும்போது எளிய நாடுகளின் கையும் அந்த எழுதுகோலைப் பற்றியிருக்க வேண்டும்!