தம் கதையைத் தாமே எழுதிய செவிலி

கிரிமியப் போர் என்றவுடன் ‘கைவிளக்கேந்திய காரிகை’ பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே நம் நினைவில் தோன்றுவார். பள்ளிப் பாடநூல்கள் நமக்குத் தந்த பெயர் அது. அதே போரில் களத்தின் விளிம்புவரை சென்று புண்பட்டோரைப் பேணிய மற்றொரு பெண்மணியும் உண்டு. அவர் ஜமைக்கா தந்த மேரி சீக்கோல். நெடுங்காலம் மறதியில் கிடந்த அவரை மீண்டும் உலகறியச் செய்ததில் அவரே எழுதிவைத்த நூலுக்குப் பெரும்பங்குண்டு. எழுத்தை நேசிக்கும் நம் வட்டத்தினர் சிந்திக்கத்தக்க செய்தி இது.

மேரி 1805இல் கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்துப் படைவீரர். தாய் அடிமைத்தளையில் இல்லாத ஜமைக்கப் பெண்மணி. அத்தாய் நடத்திய விடுதியில் நோயுற்ற படையினர் தங்கி நலம் பெறுவர். மூலிகை மருத்துவத்தில் தேர்ந்த தாயிடமிருந்தே மேரி மருத்துவம் பயின்றார். முதலில் அவரிடம் மருந்து உண்டது அவருடைய பொம்மை. பிறகு வீட்டு நாய்களும் பூனைகளும்! 1836இல் எட்வின் சீக்கோலை மணந்தார். 1844இல் கணவரை இழந்தார்.

1851இல் பனாமாவின் குரூசெஸ் என்னும் ஊரில் காலரா பரவியபோது அவர் அங்கிருந்தார். பொருளுடையோரிடம் ஊதியம் பெற்றார். ஏழைகளுக்கு இலவசமாகவே மருத்துவம் பார்த்தார். அந்நோய் அவரையும் தாக்கியது, தப்பிப் பிழைத்தார். அவ்வூர் விருந்தொன்றில் அமெரிக்கர் ஒருவர் அவரைப் பாராட்ட எழுந்து, அவருடைய தோலை வெளுக்கச் செய்ய இயலவில்லையே என்று இரங்கினார். தம் நிறம் எத்துணைக் கருமையாயினும் தமக்கு மகிழ்ச்சியே எனும் பொருள்பட மேரி அந்த அவையிலேயே விடையளித்தார்.

1854இல் இலண்டன் சென்று, போர்முனைச் செவிலியாகப் பணியாற்ற விரும்பினார். போர்த்துறை அலுவலகம் முதலாகப் பல வாயில்களைத் தட்டினார், எதுவும் திறக்கவில்லை. தம் தோலின் நிறமே தடையாயிற்றோ என்று நடுத்தெருவில் நின்று கண்ணீர் வடித்ததைத் தம் நூலில் அவர் மறைக்கவில்லை.

அழுது ஓய்ந்தவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டே 1855இல் கிரிமியா சேர்ந்தார். பாலக்லாவா அருகே, தாமஸ் டே என்பாருடன் கூட்டாக, மிதந்துவந்த மரங்களையும் பெட்டிப் பலகைகளையும் இரும்புத் தகடுகளையும் கொண்டு ‘பிரிட்டிஷ் ஹோட்டல்’ எழுப்பினார். அங்கே உணவும் மதுவும் பண்டங்களும் விற்றார். வயிற்றுப்போக்காலும் காலராவாலும் வருந்தியோருக்கு மருந்தளித்தார். துணிக்கட்டுகளும் ஊசியும் நூலும் அடங்கிய பையுடன் களத்திற்கும் சென்றார். படையினர் அவரை அன்னை என்றே அழைத்தனர்.

1856இல் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. உலகம் மகிழ்ந்தது, மேரியின் பண்டங்களோ விலைபோகாமல் தேங்கின. கடன் பெருகி நொடித்துப்போனார். 1857இல் அவருக்காக இலண்டனில் நான்கு நாள் விழா நடந்தது. கூட்டம் பெரிது, கைக்கு வந்தது சொற்பம். அவ்வாண்டே, போர்ச்செய்தியாளர் ரஸ்ஸலின் முன்னுரையுடன் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. 1881 மே 14 அன்று இலண்டனில் மறைந்தார்.

அதன்பின் பிரிட்டன் அவரை மறந்தது. ஆனால் ஜமைக்கச் செவிலியர் 1954இல் தம் சங்கத் தலைமையகத்திற்கு அவர் பெயரைச் சூட்டினர். 1973இல் அவர் கல்லறை புதுப்பிக்கப்பட்டது; 1984இல் நூல் மறுபதிப்புக் கண்டது; 2016இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் சிலை எழுந்தது.

அவர் செவிலியா, வணிகரா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஈயமும் பாதரசமும் சேர்ந்த மருந்துகளை அவர் கையாண்டதையும் சுட்டுகின்றனர். அக்கால மருத்துவரும் அவற்றையே கையாண்டனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நைட்டிங்கேல் அம்மையார் மருத்துவமனையைச் சீர்செய்தார். இவர் களத்திற்கு அருகே கடை விரித்து மருந்தும் தந்தார். இருவர் பணியும் வேறு வேறு. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டுவதில்லை. மேரியோ தாம் விற்றதையும் ஆற்றியதையும் ஒளிக்காமல் ஒருசேர எழுதிவைத்தார். அவர் எழுதாதிருந்தால், இவ்வாதத்திற்கே பொருள் இருந்திராது. அலுவலகங்களின் வாயில்கள் அடைபட்டபோதும் அவர் கையில் எழுதுகோல் எஞ்சியிருந்தது, அது போதுமானதாயிற்று.