பட்டுக் கம்பளம்: கழுவக் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பட்டுச் சேலையைப் பராமரிக்கத் தெரிந்த குடும்பங்களுக்குக்கூடப் பட்டுக் கம்பளம் புதிய பொருள்தான். சேலையை ஆண்டில் நான்கைந்து முறை உடுத்திவிட்டு அலமாரியில் வைத்துவிடலாம். கம்பளமோ தரையில் கிடந்து தூசியையும் மிதியையும் நாள்தோறும் வாங்குகிறது. சேலையைப் போலவே இதையும் டிரை கிளீனிங் கடையில் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஈரானின் கோம் நகரம், துருக்கியின் ஹெரேக்கே, இந்தியாவின் காஷ்மீர் ஆகிய மூன்றும் கையால் முடிச்சிட்ட பட்டுக் கம்பளங்களுக்குப் பெயர் பெற்ற இடங்கள். காஷ்மீரில் ‘தாலிம்’ எனப்படும் குறியீட்டு எழுத்தைப் பார்த்து, எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்று கணக்கிட்டு நெய்கிறார்கள். நல்ல பட்டுக் கம்பளத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு 500 முடிச்சுகள் இருப்பது அரிதல்ல. அந்தக் கணக்கில், நான்கடிக்கு ஆறடி கம்பளம் ஒன்றில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள் இருக்கும். ஒரு நெசவாளர் நாளுக்கு 8,000 முடிச்சு போட்டாலும் ஒரு கம்பளத்துக்கு 216 நாள் ஆகும். ஒரு பிற்பகல் நேரத் தவறான சலவை இத்தனை நாள் உழைப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

முதலில் வீட்டில் இருப்பது பட்டுதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ‘ஆர்ட் சில்க்’, ‘பேம்பூ சில்க்’ என்ற பெயர்களில் விற்கப்படுபவை பெரும்பாலும் விஸ்கோஸ். மரக்கூழிலிருந்தோ மூங்கில் கூழிலிருந்தோ எடுக்கப்படும் இழை அது. பட்டுப்புழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கம்பளத்தின் பின்புறத்திலிருந்து ஓரிரு இழைகளைப் பிரித்தெடுத்து, பாதுகாப்பான இடத்தில் எரித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பட்டு, முடி பொசுங்கும் வாடையுடன் கருகி, தொட்டால் பொடியும். விஸ்கோஸ், காகிதம் எரியும் வாடையுடன் சாம்பலாகும். குஞ்சத்தை மட்டும் எரித்துப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. காஷ்மீர்க் கம்பளங்கள் பலவற்றில் பாவு பருத்தியாகவும் மேலிழை பட்டாகவும் இருக்கும். பருத்திக் குஞ்சம் இருப்பதால் அது போலி என்றாகிவிடாது.

இந்த வேறுபாடு விலைக்கு மட்டும் உரியதன்று, சலவைக்கும் உரியது. ஈரமானால் பட்டு தன் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. விஸ்கோஸ் பாதியளவுக்கு இழந்துவிடும். காய்ந்தபின் மஞ்சள் படரவும் செய்யும். எதைக் கழுவுகிறோம் என்று தெரியாமல் கழுவுபவரிடம் கம்பளத்தைக் கொடுப்பது ஆபத்து.

பட்டு ஒரு புரத இழை. காரத்தன்மை மிக்க சோப்புத்தூளும் குளோரின் கலந்த பிளீச்சும் அதை அரிக்கும். கறை நீக்குவதற்கென்றே விற்கப்படும் என்சைம் கலந்த சலவைத் திரவங்கள் இன்னும் மோசம். இரத்தம், முட்டை போன்ற புரதக் கறைகளைக் கரைக்கும் என்சைமுக்குப் பட்டும் புரதம்தான். இரண்டையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது. வீட்டில் துப்புரவு வேலை செய்பவர் பணிப்பெண்ணாக இருந்தால், எந்தப் புட்டி கம்பளத்துக்கு ஆகாது என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நியாயம். பிறகு அவரைக் குறை சொல்வதில் பயனில்லை.

தேநீரோ காப்பியோ சிந்தினால் தேய்க்கக் கூடாது. வெள்ளைப் பருத்தித் துணியை மேலே வைத்து அழுத்தி உறிஞ்சி எடுக்க வேண்டும். கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் செல்ல வேண்டும். துணியில் கம்பளத்தின் சாயம் ஒட்டினால் அத்துடன் நிறுத்திவிட்டுத் தொழில்முறைச் சலவையாளரை அழைப்பதே வழி. சூடான நீராவிக் கருவி அறவே வேண்டாம். தூசி உறிஞ்சும் கருவியில் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு, இழை சாய்ந்திருக்கும் திசையிலேயே மெதுவாக இழுக்கலாம். குஞ்சத்தின் பக்கம் கருவியைக் கொண்டுபோகக் கூடாது. குஞ்சம் அலங்காரத்துக்காகத் தைத்துச் சேர்த்த ஒன்றன்று, பாவு நூலின் நுனி. அது அறுந்தால் ஓர முடிச்சுகள் கழலத் தொடங்கும்.

தேர்ந்த சலவையாளர் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுவார். கம்பளத்தைக் கவிழ்த்துப் பின்புறத்தில் மெல்லத் தட்டியோ அதிரவைத்தோ அடியில் தங்கிய மணலை உதிர்ப்பார். ஈரத்தில் அந்த மணல் சேறாகி, உலர்ந்தபின் முடிச்சுகளின் அடியை அறுக்கும். அடுத்து ஒவ்வொரு நிறத்தையும் ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் கழல்கிறதா என்று பார்ப்பார். சிவப்பும் கருநீலமும் தந்தத்தின் வெண்மைக்குள் ஊறிவிட்டால் மீட்பது கடினம். சாயம் உறுதியாக இருந்தால் மட்டும் குளிர்ந்த நீரும் இலேசான அமிலத்தன்மை கொண்ட சலவைத் திரவமும். கரைப்பான் கொண்டு செய்யும் டிரை கிளீனிங் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும்; அடியில் தங்கிய மண்ணை எடுக்காது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கழுவுவதைவிட உலர்த்துவதே கடினமான வேலை. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். ஒன்றிரண்டு நாள்களுக்குள் முழுதாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பருத்திப் பாவில் அது முதலில் தெரியும். வீவக வீட்டுத் துணிக்கழியில் தொங்கவிட்டால் நனைந்த கம்பளத்தின் எடையே வடிவத்தைக் கோணலாக்கும். நேர் வெயில் நிறத்தை வெளுக்கும். சமதரையில் விரித்து, மின்விசிறியும் ஈரப்பதம் குறைக்கும் கருவியும் வைத்து உலர்த்த வேண்டும். ஆகவே, சலவைக்குக் கொடுக்கும்போது “எப்படிக் கழுவுவீர்கள்?” என்பதுடன் “எங்கே, எத்தனை நாளில் உலர்த்துவீர்கள்?” என்றும் கேட்க வேண்டும். சாயச் சோதனை செய்யாமல், படத்தை மட்டும் பார்த்து விலையும் நாளும் உறுதியாகச் சொல்பவரைத் தவிர்ப்பதே மேல். கொடுக்கும் முன் இருபுறமும் படமெடுத்து, ஏற்கெனவே உள்ள பழுதுகளை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

வெளிச்சமும் ஒரு கேடு. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் இருக்கும் அர்தபில் கம்பளம் 1539–40இல் ஈரானில் முடிக்கப்பட்டது. பாவும் ஊடும் பட்டு, மேலிழை கம்பளி. நிறம் மங்காமல் காக்க, அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் அதன்மீது விளக்கேற்றும் வழக்கத்தை அந்த அரும்பொருளகம் கடைப்பிடித்துவருகிறது. வீட்டில் அவ்வளவு தேவையில்லை. சன்னலுக்குத் திரை போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பளத்தின் தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிப் போட்டால் ஒரே பக்கம் வெளுப்பதும் தேய்வதும் குறையும்.

எடுத்து வைப்பதானால் மடிக்கக் கூடாது. மடிப்பு விழுந்த இடத்தில் இழை முறியும். உருளையாகச் சுருட்டிப் பழைய பருத்தி வேட்டியிலோ போர்வையிலோ சுற்றலாம். நெகிழி உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். தீபாவளிக்குப் பெரிய வேலை பார்க்கும்போது ஒருமுறை விரித்து, பின்புறத்தையும் ஓரங்களையும் பார்ப்பது அவசியம். கம்பள வண்டின் புழு பெரும்பாலும் இருட்டான மூலையில்தான் இருக்கும். சோபாவுக்கு அடியில் சிக்கிக்கிடக்கும் பகுதியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.