கூண்டு இறங்கும் வரை

மெரினா என்ற சொல் நமக்கு மணலையும் சுண்டலையும்தான் நினைவூட்டும். 1880களில் சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், சிசிலித் தீவின் நினைவில் நம் கடற்கரைக்கு வைத்த பெயர் அது. மேலை நாடுகளில் அந்தச் சொல்லுக்குப் படகுகளை வரிசையாகக் கட்டிவைக்கும் துறை என்று பொருள். குளிர்காலம் தொடங்கும்போது தெற்கே வெயில் விழும் ஏதேனும் ஒரு துறையில் படகைக் கட்டிவிட்டு, வசந்தம் வரும்வரை அதிலேயே சமைத்து, படித்து, உறங்கிக் காலம் கழிக்கிறவர்கள் அங்கே உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடு கிடைக்காத ஆம்ஸ்டர்டாம் மக்கள் பழைய சரக்குப் படகுகளில் குடியேறினார்கள். காஷ்மீரில் வெளியாருக்கு நிலம் வாங்கும் உரிமை இல்லாததால் ஆங்கிலேயர்கள் ஏரியிலேயே வீட்டை மிதக்கவிட்டார்கள். இவற்றைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம், நம் பக்கத்தில் அப்படி வாழ்ந்தவர்கள் யார் என்ற கேள்வி எனக்கு எழுவதுண்டு.

நான் புதூர்க்காரன். எந்தப் புதூர் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் புதூர்களுக்குப் பஞ்சமில்லை. விளாத்திகுளத்திலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில், நாகலாபுரத்தைத் தாண்டினால் வரும் கரிசல் ஊர். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், மல்லி. ஐப்பசியில் மழை விழுந்தால் ஊர் பிழைக்கும். விழாவிட்டால் பிழைப்பைத் தேடி ஊர் கிளம்பும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் படகைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் ஊருக்கும் கடலுக்கும் இடையே பறவை பறக்கும் தூரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இராது. வைப்பாறு விளாத்திகுளத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவில் போய்ச் சேர்கிறது. இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் தூத்துக்குடி. அங்கே பழைய துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் தோணிகளில்தான் என் கேள்விக்கான விடை இருந்தது.

தோணி என்றதும் ஆற்றைக் கடக்கும் ஓடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். தூத்துக்குடித் தோணி, இருநூறு முந்நூறு டன் சரக்கேற்றும் பெரிய மரக்கலம். வரைபடம் எதுவும் இல்லாமல், கண்ணளவையும் கையளவையும் நம்பித் தச்சர்கள் கட்டியது. அடியில் நெடுக ஓடும் ஏராக்கட்டை, அதிலிருந்து விலா எலும்பு போல் எழும் வங்குகள், அவற்றின்மேல் பலகை. வங்குகளுக்கு இயற்கையாகவே வளைந்த மரம் வேண்டும். நாட்டுக் கருவேலம் அதற்கு ஏற்ற மரம். எங்கள் கண்மாய்க்குள் கழுத்தளவு நீரில் நிற்கும் அதே கருவேலந்தான். பலகைகளின் இடுக்குகளில் பஞ்சுத்திரியை வைத்து அடித்து இறுக்குவார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். கருவேலமும் பருத்தியும் கரிசல் மண்ணின் பொருட்கள். கடலைப் பார்க்காமலே வயதாகிச் செத்துப்போன எங்கள் ஊர்க் கிழவிகள் எடுத்த பஞ்சு, கொழும்புக் கடலில் யாரோ ஒருவனை நீரிலிருந்து காத்துக்கொண்டிருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பைத் தருகிறது. இதை மிகை என்று நண்பர்கள் சொல்வதுண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

தோணியை இவ்வளவு காலம் வாழவைத்தது தூத்துக்குடிக் கடலின் ஆழமின்மை. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் அங்கிருந்து லங்காஷயருக்குப் பஞ்சு போவது தடைப்பட, இந்தியப் பருத்திக்கு எதிர்பாராத விலை வந்தது. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் கரிசல் பஞ்சு கப்பலேறியது. 1876இல் ரயில் கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடியை எட்டியது. 1888இல் ஹார்வி சகோதரர்களின் பவள ஆலை அங்கே எழுந்தது. எட்டயபுரத்தில் பாரதியின் தகப்பனார் சின்னசாமி ஐயர் பருத்தி ஆலை வைத்து நொடித்துப்போனதும் இந்தக் காலகட்டத்தின் கதைதான். ஆனால் நீராவிக் கப்பல் எதுவும் கரையருகே வர முடியாது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சுப் பொதிகளை அதுவரை சுமந்து போக மரக்கலங்கள் வேண்டும். உலகமெங்கும் நீராவி பாய்மரத்தைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில், இங்கே நீராவியே பாய்மரத்துக்குச் சோறு போட்டது. ஒட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, மறு ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். அவையும் தொலைவில்தான் நின்றிருக்க வேண்டும். அவற்றுக்கும் கரைக்கும் நடுவே போய்வந்த படகோட்டிகளைப் பற்றி நாம் ஒன்றும் அறியோம்.

பெரிய தோணிகளோ தாமே கடல் கடந்தன. கொழும்புக்கு வெங்காயம், மிளகாய் வற்றல், ஓடு, மலையாளக் கரைக்கு உப்பு, திரும்பும்போது கொப்பரை. கொழும்பு சுமார் 150 கடல் மைல் தூரம். காற்று ஒத்துழைத்தால் ஓரிரு நாள் ஓட்டம். ஒத்துழைக்காவிட்டால் கணக்கே இல்லை.

அந்தக் காற்றைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

ஆண்டில் இரண்டு காற்றுகள். வைகாசி, ஆனியில் தென்மேற்கிலிருந்து வீசுவதைக் கடற்கரையில் கச்சான் என்பார்கள். நாங்கள் மேகாற்று என்போம். அந்த மாதங்களில் கடல் முரடாகிவிடுவதால் தோணிகள் ஓட்டத்தை நிறுத்திக் கட்டிக்கிடக்கும். பழுது பார்ப்பதும் கலப்பத்து அடிப்பதும் அப்போதுதான். ஆட்கள் வீட்டிலிருப்பார்கள். பனிமய மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 5இல் நிறைவுறுவது இந்தப் பருவத்தோடு எவ்வளவு பொருந்தி வருகிறது பாருங்கள். கச்சான் அடங்கியபின் ஓட்டம் தொடங்கும். தொடங்கிய ஒன்றிரண்டு மாதங்களில் வாடை வந்துவிடும். எங்களுக்கு வாடை என்றால் மழை; விதைப்பு; கடன்காரன் சற்றுப் பொறுத்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. துறைமுகத்தில் வாடை என்றால் கூண்டு.

புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று வானொலியில் கேட்டிருப்போம். பகலில் உருளையும் கூம்புமான வடிவங்களைக் கொடிமரத்தில் ஏற்றுவார்கள்; இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண். சிறு வயதில் நான் அதை ஏதோ பறவைக்கூண்டு என்றே எண்ணியிருந்தேன். ஒன்றாம் எண் ஏறினாலே சரக்கேற்றிய தோணியின் தண்டல் யோசிக்கத் தொடங்கிவிடுவார். (தண்டல் என்றால் தோணியின் தலைவர். நிலத்தில் வரி வசூலைக் குறிக்கும் இச்சொல், கடலில் இன்னும் மரியாதையோடு இருக்கிறது.) எண் கூடினால் புறப்பாடு இல்லை. கூண்டு இறங்கும்வரை துறையிலேயே கிடக்க வேண்டும். இரண்டு நாளாகலாம், பத்து நாளாகலாம். ஒரு தாழ்வுநிலை கரையைக் கடந்து முடிப்பதற்குள் அடுத்தது வங்கக்கடலில் உருவாகியிருக்கும்.

கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே, வீட்டுக்குப் போய்விடலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் மரக்கலத்தின் இயல்பு குறுக்கே நிற்கிறது. மரத்தில் கட்டிய கலம் எதுவும் முழுக்கக் கசியாமல் இராது. நாள்தோறும் அடியில் ஊறும் நீரை இறைக்க ஆள் வேண்டும். மழைக்காலத்தில் மேலிருந்தும் நீர் இறங்கும். கடல் நீர் மரத்தைக் கெடாமல் காக்கும். மழைநீர் அதே மரத்தை உளுக்கச் செய்யும். ஆகவே மழை விட்டவுடன் மேல்தட்டைக் கடல்நீரால் கழுவ வேண்டும். உள்ளே வெங்காயமோ சிமெண்டோ இருந்தால் தார்ப்பாயை இரவில் எத்தனை முறை எழுந்து இழுத்துக் கட்டுவது என்பதற்குக் கணக்கில்லை. காற்று இழுத்தடிக்கும்போது நங்கூரம் பிடி நழுவித் தரையில் இழுபடும். பக்கத்துத் தோணியோடு மோதினால் இரண்டுக்கும் சேதம். விளக்கு அணையக் கூடாது. ஆகவே ஆட்கள் உள்ளேயே இருந்தாக வேண்டும்.

ஒரு தோணியில் பத்துப் பேர் அளவில் இருப்பார்கள். வெயில் காலத்தில் மேல்தட்டில் பாய் விரித்து வானத்தைப் பார்த்துப் படுப்பது ஒரு சுகம். கார்த்திகை மழையில் அது நடக்காது. பின்பக்கம், அமரத்தை ஒட்டிய தாழ்ந்த அறையிலும் சரக்கின் மேலுமாக உடம்பைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். வெங்காய மூட்டையின் மேல் பத்து நாள் படுத்தவனின் சட்டையை மனைவி எத்தனை முறை துவைத்தாலும் வாசம் போகாது. சமையல்காரருக்குப் பண்டாரி என்று பெயர். மண் நிரப்பிய பெட்டியில் அடுப்பு, ஈரவிறகு, புகை. சோறும் மீன்குழம்பும். பிடித்த மீன் இல்லாத நாளில் கருவாடு. குடிநீர் பீப்பாயில் இருப்பு. தார்ப்பாயில் தேங்கும் மழையைப் பாத்திரத்தில் பிடித்துக்கொள்வார்கள். சுற்றிலும் நீர் கிடக்க, வானத்திலிருந்து விழுவதைக் குடத்தில் ஏந்தும் அந்தக் காட்சி எனக்கு அந்நியமானதல்ல. ஊருணிக்கு நடந்த எங்கள் வீட்டுப் பெண்களும் மழை பெய்தால் கூரை விளிம்பில் அண்டாவை வைப்பார்கள்.

பொழுது எப்படிப் போயிருக்கும்? கயிறு திரித்திருப்பார்கள், பாய் தைத்திருப்பார்கள், சீட்டாடியிருப்பார்கள். டிசம்பர் 25 இந்தக் கூண்டுக் காலத்தின் நடுவே வருகிறது. மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில், நங்கூரக் காவலில் கிறிஸ்துமஸ் இரவைக் கழித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருப்பார்கள். இதில் உல்லாசம் கொஞ்சமும் இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில், கட்டிக்கிடக்கும் நாள் கூலியற்ற நாள். மேலைநாட்டுப் படகுவாசி குளிர்காலத்தைத் தன் விருப்பத்தால் துறையில் கழிக்கிறான். இவர்கள் துறையில் கிடந்தது காற்றின் விருப்பத்தால்.

அந்தக் காற்று சில ஆண்டுகளில் கூண்டோடு நின்றதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது; ரயிலொன்றும் அதோடு போயிற்று. 1992 நவம்பர் நடுவில் புயல் தூத்துக்குடிப் பக்கமாகவே கரை கடந்தது. தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வாரம் எங்கள் கரிசலில் ஒரு கோடை முழுக்க வேண்டிக்கொண்டிருந்த மழை, வேண்டியவர்களின் உளுந்தை அழுக வைத்துவிட்டுப் போனது.

தோணிகளைக் குறைத்தது எந்தப் புயலுமல்ல. 1914இல் தனுஷ்கோடி வழியாகப் படகு ரயில் ஓடத் தொடங்கியதும் கொழும்புப் பயணிகள் தூத்துக்குடியை விட்டுப் போனார்கள். அது தோணியைப் பெரிதாகத் தொடவில்லை. 1970களில் இலங்கை அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது தொட்டது. யாழ்ப்பாண விவசாயிக்கு அது பொற்காலம். எங்கள் மிளகாய்க்காரனுக்கும் தூத்துக்குடித் தண்டலுக்கும் அல்ல. 1974இல் ஆழமான புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, கப்பல்கள் கரையோடு அணைந்து நிற்கத் தொடங்கின. ஐந்தாறு மைல் சுமையேற்றம் என்ற தொழிலே அதோடு முடிந்தது. 1983க்குப் பிறகு போர். பாய்களின் இடத்தை எஞ்சின் பிடித்தது. அரசுக் காகிதத்தில் மட்டும் இன்றும் இவை இயந்திரப் பாய்க்கப்பல்கள். எஞ்சியவை காய்கறியும் கட்டுமானப் பொருட்களும் ஏற்றி மாலத்தீவுக்குப் போய்வருகின்றன.

தூத்துக்குடியின் கடல் வாணிபத்தை விரித்து எழுதிய ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ 2009இல் வந்தது. 2013இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அதை வாசித்த பிறகே எங்கள் பருத்தி வண்டி போய் நின்ற இடத்தில் இன்னொரு உலகம் தொடங்கியிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. கி.ராஜநாராயணன் தொடங்கி பூமணி, சோ.தர்மன் வரை எங்கள் எழுத்தாளர்கள் கரிசலை அங்குலம் அங்குலமாக எழுதியிருக்கிறார்கள். என் வாசிப்பில் அவர்களின் கண் பெரும்பாலும் மண்ணின் மீதும், மழை வரும் திசையின் மீதுமே இருந்தது. மழை வரும் திசையில்தான் கடலும் இருந்தது. கடலோரத்து எழுத்திலும் வெங்காயம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்ந்த இரு கூட்டத்தார் ஒரே காற்றை எதிரெதிர் ஆசைகளோடு பார்த்துக்கொண்டிருந்தும், ஒருவரை ஒருவர் எழுதிக்கொள்ளவில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில் பழைய துறைமுகப் பக்கம் போயிருந்தேன். கூண்டு ஏறியிருந்தது. தூறல். வாசலுக்கு அப்பால் டீக்கடையில் நின்றிருந்தபோது, தலையில் துண்டும் கையில் காய்கறிப் பையுமாக ஒரு பெரியவர் வந்தார். தோணியில் பண்டாரி வேலை என்றார். ஆறு நாளாகக் கட்டிக்கிடக்கிறார்களாம். ஒருமுறை வீட்டுக்குப் போய்த் துணி மாற்றி வந்ததோடு சரி. நான் எந்த ஊர் என்று விசாரித்தார். புதூர், விளாத்திகுளம் பக்கம் என்றேன். டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவர் கேட்டார்: “அங்க மழை உண்டா தம்பி?”