வயிற்றறை வெப்ப வேதிச்சிகிச்சை

வயிற்றறை வெப்ப வேதிச்சிகிச்சை என்பது, வயிற்றறையினுள் பரவிய புற்றுநோய்க் கட்டிகளை அறுவைச் சிகிச்சையால் அகற்றிய பின், நோயாளி மயக்க நிலையில் இருக்கும்போதே, சூடாக்கப்பட்ட புற்றுநோய் எதிர்ப்பு மருந்துக் கரைசலை அவ்வறையினுள் சுற்றி ஓடச் செய்யும் மருத்துவ முறை ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மருத்துவர்கள் இதனை ஹைபெக் என அழைப்பர். கண்ணுக்குத் தெரியும் கட்டிகளைக் கத்தியாலும், தெரியாதவற்றைச் சூடான மருந்தாலும் நீக்குவது இதன் அடிப்படைக் கருத்தாகும். இதில் மருந்தால் கிடைக்கும் பயன் எல்லாப் புற்றுநோய்களிலும் ஒன்றாக இல்லை.

அடிப்படை

வயிற்றறையின் உட்சுவரையும் அதிலுள்ள உறுப்புகளையும் மூடியிருக்கும் மெல்லிய படலம் வயிற்றறை உறை எனப்படும். பெருங்குடல், சூலகம், இரைப்பை, குடல்வால் முதலியவற்றில் தோன்றும் புற்றுநோயின் உயிரணுக்கள் உதிர்ந்து, இவ்வுறையில் விதைகள் போல ஒட்டி வளரக்கூடும். சிரை வழியாக ஏற்றப்படும் மருந்து குருதியிலிருந்து இக்கட்டிகளைப் போதிய அளவில் சென்றடைவதில்லை. இதே தடை எதிர்த்திசையிலும் செயற்படுகிறது. வயிற்றறையினுள் நேரடியாகச் செலுத்தப்படும் மருந்து குருதியில் மெதுவாகவே கலக்கிறது. ஆகவே, உடல் முழுவதும் பரவினால் தாங்க இயலாத செறிவிலும் மருந்தை அவ்விடத்தில் பயன்படுத்த முடிகிறது.

வெப்பம் புற்றுநோய் உயிரணுக்களைத் தாக்குவதுடன், சிதைந்த டி.என்.ஏ.வை அவை சீர்செய்து கொள்வதையும் தடுக்கிறது. சிஸ்பிளாட்டின், மைட்டோமைசின் போன்ற மருந்துகளின் வீரியமும் வெப்பத்தால் கூடுகிறது. எனினும், மருந்து திசுவினுள் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே ஊடுருவும். எனவே பெரிய கட்டிகளை விட்டுவிட்டு மருந்தை மட்டும் செலுத்துவது போதாது.

செய்முறை

முதலில் நோயின் பரவல் அளவிடப்படுகிறது. வயிற்றறையை 13 பகுதிகளாகப் பிரித்து, கட்டியின் பருமனுக்கேற்ப ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தரப்படும். மிகக்கூடிய மொத்த மதிப்பு 39 ஆகும். மதிப்பு கூடக்கூட அறுவைச் சிகிச்சையின் பயன் குறையும்.

அடுத்து, நோயுற்ற உறைப் பகுதிகளும், தேவைப்பட்டால் மண்ணீரல், குடலின் சில பகுதிகள் முதலியனவும் அகற்றப்படுகின்றன. எஞ்சும் கட்டி எதுவும் 2.5 மில்லிமீட்டரை மிஞ்சாதிருப்பதே இலக்கு. இப்பணி பல மணி நேரம் நீடிக்கும்.

பின்னர் வயிற்றறையினுள் குழாய்கள் பொருத்தப்படுகின்றன. ஒரு பம்பு மருந்துக் கரைசலை வெப்பப் பரிமாற்றியின் வழியே உள்ளே செலுத்தி, மறு குழாயால் வெளியே எடுத்து, மீண்டும் சூடாக்கி அனுப்புகிறது. வெப்பநிலை பொதுவாக 40 முதல் 43 பாகை செல்சியசு வரை இருக்கும்; வெப்ப உணரிகள் இதனைத் தொடர்ந்து கண்காணிக்கின்றன. சுற்றோட்டம் மருந்தைப் பொறுத்து 30 முதல் 120 நிமிடங்கள் வரை நடைபெறும். திறந்த முறையில் வயிற்றின் விளிம்புகளை ஒரு சட்டத்தில் உயர்த்திக் கட்டி, மருத்துவர் கையால் கரைசலைப் பரப்புவார். மூடிய முறையில் வயிறு தற்காலிகமாகத் தைக்கப்பட்டிருக்கும். முடிவில் மருந்து வடிக்கப்பட்டு வயிற்றறை கழுவப்படும்.

வரலாறு

அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் ஸ்ப்ராட்டும் அவரது குழுவினரும் இம்முறையை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தி, 1980ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். அந்நோயாளிக்கு இருந்தது, கூழ் போன்ற சளி வயிற்றறையை நிரப்பும் ஓர் அரிய நோயாகும். பின்னர் வாசிங்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் சுகர்பேக்கர், வயிற்றறை உறையைப் பகுதி பகுதியாக அகற்றும் முறைகளை வகுத்து 1995இல் வெளியிட்டார். இச்சிகிச்சை உலகெங்கும் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

ஆய்வு முடிவுகள்

இவ்வாய்வுகள் இடைநிலை வாழ்நாளைக் கொண்டு ஒப்பிடுகின்றன. நோயாளிகளுள் பாதிப்பேர் உயிருடன் இருக்கும் கால அளவே இடைநிலை வாழ்நாள் ஆகும்.

பெருங்குடல் புற்றுநோய் வயிற்றறையில் பரவிய 105 பேரிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 12.6 மாதங்கள், கட்டியகற்றலும் வெப்ப மருந்தும் பெற்றோருக்கு 22.3 மாதங்கள். ஆனால் முதற் குழுவினருக்கு முழுமையான கட்டியகற்றல் செய்யப்படவில்லை. ஆதலால் நன்மை கத்தியால் வந்ததா, மருந்தால் வந்ததா என்பதை இவ்வாய்வால் பிரித்தறிய இயலவில்லை.

இதற்கு விடை தேடிப் பிரான்சில் 265 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. இரு குழுவினருக்கும் கட்டிகள் அகற்றப்பட்டன. ஒரு குழுவினருக்கு மட்டும் சூடான ஆக்சாலிபிளாட்டின் 30 நிமிடங்கள் செலுத்தப்பட்டது. மருந்து பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 41.7 மாதங்கள், பெறாதோரின் வாழ்நாள் 41.2 மாதங்கள். அதாவது, நீண்ட வாழ்நாளுக்கு முதன்மைக் காரணம் திறமையான அறுவைச் சிகிச்சையே எனக் கருதப்பட்டது. எனினும் இம்முடிவு ஒரு மருந்தையும் ஒரு கால அளவையும் பற்றியதே. 90 நிமிடங்கள் செலுத்தப்படும் மைட்டோமைசினுக்கு இதனை அப்படியே பொருத்த இயலாது.

சூலகப் புற்றுநோயில் முடிவு வேறாக இருந்தது. மூன்றாம் நிலை நோயுடன், முதலில் சிரை வழி மருந்து பெற்றுப் பின் அறுவைக்கு வந்த 245 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. அறுவை மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 33.9 மாதங்கள், சூடான சிஸ்பிளாட்டினும் பெற்றோருக்கு 45.7 மாதங்கள். 2023இல் வெளிவந்த நீண்டகாலக் கண்காணிப்பும் இதனை உறுதிசெய்தது.

பக்க விளைவுகள்

குருதிப்போக்கு, குடல் இணைப்புகளில் கசிவு, நோய்த்தொற்று, வெள்ளையணுக் குறைவு ஆகியன ஏற்படக்கூடும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனைத் தடுக்கச் சோடியம் தயோசல்பேட்டு கொடுக்கப்படுவதுண்டு. மேற்கூறிய பிரெஞ்சு ஆய்வில், 60ஆம் நாளளவில் கடுமையான சிக்கல்கள் மருந்து பெற்றோரில் 26 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 15 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டன. ஆகையால் புற்றுநோயின் வகை, பரவல், கட்டியை முற்றிலும் அகற்றும் வாய்ப்பு, நோயாளியின் உடல்வலு ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே, இதில் பயிற்சி பெற்ற குழுவினர் இச்சிகிச்சையை மேற்கொள்வர்.