மக்களுக்குப் படைக்கத் தெரியாது என்ற பேராசிரியர்

1933 மே 10. ஜெர்மனியின் பான் நகரச் சந்தைச் சதுக்கத்தில் மாணவர்கள் புத்தகங்களை எரித்தார்கள். யூதர்களும் இடதுசாரிகளும் எழுதிய புத்தகங்கள். அங்கே அவர்களை வாழ்த்திப் பேசியவர்களில் ஒருவர் பேராசிரியர் ஹான்ஸ் நௌமான். நாட்டார் வழக்காற்றியலில் பெரிய பெயர். அந்த ஆண்டுதான் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தார். அடுத்த ஆண்டே பான் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது.

நாட்டுப்புற மக்களின் பாட்டையும் கதையையும் படித்தவர் எப்படி அங்கே போய் நின்றார்? அவர் 1922இல் வெளியிட்ட நூலைப் பார்ப்போம். நாட்டுப்புறப் பாடல், உடை, வழக்கம் எல்லாம் பெரும்பாலும் மேல்தட்டில் உருவாகிக் காலம் கடந்து கீழே இறங்கியவை என்றார். மிச்சமிருப்பது தனித்துவம் இல்லாத கூட்டத்தின் பழைய எச்சம். விவசாயிகளை எறும்புகளோடு ஒப்பிட்டார். சில பாடல்களும் உடைகளும் மேலிருந்து இறங்கியது உண்மைதான். அதை வைத்து, உழைப்பவருக்குப் படைக்கவே தெரியாது என்று முடிவுகட்டியதுதான் மோசடி.

இதில் ஒரு முரண் உண்டு. நாஜிகளோ விவசாயியை இனத்தின் தூய ஊற்று என்று போற்றினார்கள். ஆகவே நௌமானின் கோட்பாட்டை நாஜி ஆய்வாளர்களே தாக்கினார்கள். ஒருவர் மக்களை இழிவுபடுத்தினார், மற்றவர்கள் பூஜித்தார்கள். இருவருமே அந்த மக்களைப் பேசவிடவில்லை. அவர்கள் யார் என்று சொல்லும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

அதே துறையில் வேறொருவரும் இருந்தார். வில்-எரிக் பொய்க்கெர்ட், சிலேசியாக்காரர். 1931இல் பாட்டாளிகளின் வழக்காறுகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். தொழிலாளிக்கும் பண்பாடு உண்டு, அதை அவரே உருவாக்குகிறார் என்பதை ஆய்வுக்குரிய பொருளாக்கினார். 1935இல் நாஜி அரசு அவருடைய கற்பிக்கும் உரிமையைப் பறித்தது. போருக்குப் பின் அவர் கோட்டிங்கனில் பேராசிரியரானார். நௌமான் பதவி இழந்து 1951இல் இறந்தார்.

தோழர்களே, ‘இது உங்களுடையது அல்ல, மேலிருந்து வந்தது’ என்ற பேச்சு நமக்குப் புதிதா? ‘உங்கள் கலை தொன்மையானது, புனிதமானது’ என்று மேடையேற்றிவிட்டு, கலைஞரின் கூலியையும் மரியாதையையும் மறந்துவிடுவதும் புதிதா? நாம் பாடல் சேகரிக்கப் போகும்போது, பாடியவரின் பெயரை முதலில் எழுதுவோம். யார் கட்டிய பாட்டு என்று அவரிடமே கேட்போம். அவர் சொல்லும் விளக்கத்தை நம் விளக்கத்துக்கு முன்னால் வைப்போம்.