ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

ராமானுஜன் என்றதும் நம்மில் பலருக்கும் 1729 என்ற டாக்சி எண்தான் ஞாபகம் வரும். அந்தக் கதையை எத்தனை கூட்டங்களில் கேட்டாயிற்று! அவருடைய உழைப்பை அதைவிட நன்றாகக் காட்டும் எண் 293318625600. இது அவர் போட்ட பட்டியலில் இல்லாத எண்.

12-ஐ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்ணுக்கு ‘ஹைலி காம்போசிட் நம்பர்’ என்று ராமானுஜன் பெயரிட்டார். தமிழில் ‘மிகு பகு எண்’ எனலாம். 24, 60, 360 எல்லாம் இந்த வகையே. நாளுக்கு 60 நாழிகை என்று பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த நமக்கு, 60-ஐப் பாதி, மூன்றில் ஒன்று, கால் என்று எப்படிப் பங்கிட்டாலும் முழுசாக வரும் சௌகரியத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறியவர், 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இவ்வெண்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். இத்தகைய எண்ணைப் பிரித்தால் 2, 3, 5, 7 என்று பகா எண்கள் இடைவிடாமல் வரும். அவற்றின் அடுக்குகள் போகப்போக ஏறுவதில்லை. 4, 36 நீங்கலாகக் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்று நிறுவினார். கூடவே 6746328388800 வரை 102 எண்களைப் பட்டியலிட்டார். எல்லாம் கைக்கணக்கு! காரணிகளை எண்ணுவது சுலபம். ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் போதும். அத்தனை காரணிகள் கொண்ட சிறிய எண் வேறெதுவும் இல்லை என்று உறுதி செய்வதுதான் பெரும்பாடு.

விடுபட்ட எண்ணில் 2-க்கு அடுக்கு 6, 3-க்கு 4, 5-க்கும் 7-க்கும் 2. 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறை. ஆக 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். இதற்கு முன்னால் வரும் 240940299600-க்கு 4800, பின்னால் வரும் 321253732800-க்கு 5376. அவை இரண்டும் 23 வரை போகின்றன. நடுவில் இருப்பது மட்டும் 19-லேயே நின்று, 7-ஐ இன்னொரு முறை சேர்த்துக்கொள்கிறது. இப்படித் தாவுவது பட்டியலில் புதிதல்ல. 19-ல் நிற்கும் 146659312800-ஐ அவர் தப்பவிடவில்லை. இந்த ஓரிடம் மட்டும் நழுவிவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கை: விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது பட்டியலின் கடைசி எண்ணேதான்! அதற்குச் சரியாக இரட்டிப்பு, 10080 காரணிகள்.

ஊரில் எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் தந்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். ஆனால் அவர் எழுதியது முழுவதும் அன்று அச்சேறவில்லை. கழகத்தில் பணத்தட்டுப்பாடு, எனவே பின்பகுதியை நிறுத்திவிட்டார்கள். ஜான்-லூயி நிக்கோலா, கீ ரோபன் என்ற இரு பிரெஞ்சுக் கணிதர்கள் குறிப்புகளுடன் அதைப் பதிப்பித்தது 1997-ல், அவர் மறைந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு.