பதினேழசைப் பாட்டு தமிழுக்கு வந்த வரலாறு

மலர்க்குழுவினர் இவ்வாண்டு நம் சிறார்களைக் கொண்டு ‘ஹைக்கூ’ எழுதுவித்தனர். அஃது எங்கிருந்து வந்தது என்று பலரும் வினவியமையால் இச்சிறு கட்டுரையை வரைகின்றோம்.

ஜப்பான் நாட்டில் ஐந்து, ஏழு, ஐந்து எனப் பதினேழு ஒலியளவில் அமைந்த பாட்டிற்கு முன்னாளில் ‘ஹொக்கு’ என்று பெயர். அதனை உயர்நிலைக்குக் கொணர்ந்தவர் பாஷோ (1644–1694). ‘ஹைக்கூ’ என்ற பெயரை நிலைநிறுத்தியவர் ஷிகி (1867–1902). பருவத்தைக் காட்டும் ஒரு சொல் அதில் இருத்தல் மரபு. கார், கூதிர் என்று பொழுது வகுத்துப் பாடிய தமிழர்க்கு இது புதுமையன்று. அவ்வொலியளவும் நம் மாத்திரைக் கணக்கோடு உறவுடையது. அங்கும் நெடிலுக்கு இரண்டு. அதுகொண்டு, ஹைக்கூ நம் குறளின் குழந்தை என்று மேடையில் முழங்குவோர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. பிறர் பொருளைப் பிறர் பொருளென்றே போற்றுவோம்.

தமிழர்க்கு இதனை அறிமுகம் செய்தவர் பாரதியார். புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், கல்கத்தா ‘மாடர்ன் ரிவியூ’ இதழில் யோனே நோகுச்சி எழுதியதைப் படித்து, 16-10-1916 ‘சுதேசமித்திரன்’ இதழில் ‘ஜப்பானியக் கவிதை’ என்ற கட்டுரையை வரைந்தார். தம் வீடு எரிந்துபோன செய்தியையும் ஒரு சிறு பாட்டாகவே பாஷோவுக்கு எழுதிய ஹொகுஷி என்னும் மாணாக்கரைப் பற்றி அதில் கூறுகின்றார். தந்தியில் சொல்லெண்ணிக் கட்டணம் செலுத்திய காலத்தை அறிந்த இரயில்வே ஊழியராகிய நமக்கு, அச்சிக்கனம் பெருவியப்பையே தந்தது!

ஆயினும் அவ்விதை உடனே முளைக்கவில்லை. அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ 1974-இல் வழிகாட்டியது. அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ ஆகிய ஹைக்கூத் தொகுதிகள் வெளிவந்தது 1984-இல். பாரதியார் எழுதி அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து.

இனி நம் வெள்ளறடைக்கு வருவோம். 1956-இல் மொழிவழி எல்லை வகுத்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்திற்குச் சென்றது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நம் பிள்ளைகளுட் பலர் பள்ளியில் மலையாளமே பயில்கின்றனர். நான்கு பக்கத் தமிழ்க் கட்டுரை எழுதுக என்றால் ஓடி ஒளிவர். மூன்று வரி என்றதும் அமர்ந்தனர். ஒரு சிறுமி எழுத்துக்கூட்டி எழுதிக் கொணர்ந்தது இது:

ரப்பர்த் தோட்டம்;
பால் வடியும் சிரட்டையில்
இடவப்பாதி மழை.

‘இடவப்பாதி’ மலையாளச் சொல்லாயிற்றே, ‘வைகாசி மழை’ என்று திருத்துக என்றார் ஒரு பெரியவர். நாமும் முதலில் பேனாவை எடுத்தோம். அக்குழந்தையோ, “மாமா, எங்க பாட்டி அப்படித்தானே சொல்லுவாங்க?” என்றாள். அப்பாட்டி தமிழன்றி வேறு மொழி அறியாதவர். அச்சொல் பருவச் சொல்லாகவும் நிற்பது பிறகே நமக்குப் புலப்பட்டது. பேனாவை மூடிவிட்டோம், பாட்டு இம்மலரில் எழுதியவாறே அச்சாகியுள்ளது.